செய்யாமை

மெசேன் ஆற்றின் மேல்கரை.
மரம் வெட்டுபவர்களின் குடியிருப்பு.
எழுபத்தொன்று, பிப்ரவரி, ஒரு வியாழன்.
கம்பளி பூட்ஸ் ஒரு ஜோடி
மேசைமேல் தொப்பென்று விழுகிறது.
இடதுகாலின் அடி பிளந்து
உள்ளே திணித்த செய்தித்தாள்
நாக்கு நீட்டுகிறது.

மெழுகு நூலைப் பல்லில் கடித்தபடி
தலை நிமிராமல் ஃபைனா சொன்னாள்:
"நிதேல்யா."
ஸ்தாமென் தலையாட்டினான்.
பல்கேரிய மலைக்காரன்.
ஆறு மாத ருஷ்ய மொழியில் திணறுகிறவனுக்கு
ஊரிலிருந்தே தெரிந்த ஒரு சொல்.
சட்டைப்பையில் பழைய சாவி அகப்பட்டதுபோல்
சிரித்துக்கொண்டே போனான்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிட்டுப் பாருங்கள்.
முன்பாதி, இல்லை.
பின்பாதி, செய்.
செய்யாமை.
கோடரி சுவரில் சாய்ந்திருக்கும் நாள்.
ஆதியில் அது ஞாயிற்றுக்கிழமையின் பெயர்;
பல்கேரியர்களுக்கு இன்றும் அதுதான்.
ருஷ்யாவில் ஞாயிற்றுக்கு
உயிர்த்தெழுதல் என்று பெரிய பெயர் வந்து சேர்ந்தது.
இருந்த இடம் போன சொல் என்ன செய்யும்?
பக்கத்து நாட்களில் மெல்லக் கால் நீட்டி
ஏழையும் வளைத்துக்கொண்டது.
முதுகு ஒடிய உழைத்த ஆறு நாளும் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குமேல்
'ஒன்றும் செய்யாதது' என்று சீட்டு.
யாரும் சிரிப்பதில்லை.
திங்கட்கிழமை மட்டும் பழசை மறக்கவில்லை.
அதன் பெயர் அங்கே இன்னமும்
செய்யாமைக்கு மறுநாள்.

நம் வாரம் மட்டும் என்னவாம்?
விளைச்சலில் பங்கும் வாரம்.
பழைய பாட்டில் அன்பும் வாரம்.
நாட்காட்டி வாரத்துக்கு இவை உறவா
அண்டை வீடா, எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை, முப்பத்தெட்டுப் பாகை உறைகுளிர்.
இரவல் ரப்பர் பூட்ஸில்
ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்தவன்
பூட்டிய கடையைக் கையால் அறைந்தான்.
பின்கட்டிலிருந்து போர்வையோடு அவள்.
"நிதேல்யா என்றேனே!"
"இன்றுதானே நெதெல்யா!"
"ஒரு நிதேல்யா!"
"ஒன்றுதான், இன்று!"
நாய் இரண்டு பேரையும் பார்த்துக் குரைத்தது.

உள்ளே இழுத்துப்போய்
சுவர் நாட்காட்டியில் விரல் வைத்தாள்:
வியாழனிலிருந்து வியாழன்வரை, ஏழு தாள்.
அவன் சிவப்பு எண்ணின்மேல்
நகம் பதித்தான்.
இரண்டு விரல்களும் அப்படியே நின்றன,
அவளுடையது பசைக் கறுப்பு, அவனுடையது மரப்பிசின்.

அவள் சட்டென்று சிரித்தாள். காரணம் வேறு.
அவள் பிறந்த காலத்தில்
அரசாங்கம் ஞாயிற்றையே எடுத்துவிட்டிருந்தது.
ஐந்து நாள் சுற்று,
ஆளுக்கொரு நிறத்தில் ஓய்வுநாள்.
அம்மாவுக்கு மஞ்சள், அப்பாவுக்குப் பச்சை.
ஒரே கூரையின்கீழ் இருவரும்
ஒருநாள்கூடச் சேர்ந்து சும்மா இருந்ததில்லை.
இதையெல்லாம் அவனிடம் சொன்னாள்.
அவனுக்குப் புரிந்தது மஞ்சள், பச்சை, அம்மா.

"தைத்துத் தா" என்று கையால் காட்டினான்.
"இன்றைக்கா? மாட்டேன்."
ஊசி டப்பா மூடியே இருந்தது.
அடுப்பில் பிர்ச் கட்டை ஒன்றைத் தள்ளிவிட்டு
முக்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.
தேநீர். நேற்றைய ரொட்டி.
ஜன்னல் பனியில் யாரும் எதுவும் எழுதவில்லை.
ஒரு மணி நேரம்
இருவரும் அந்தச் சொல்லைச் செய்தார்கள்.

வியாழனன்று மேஸ்திரி விடுப்புத் தரவில்லை.
அடுத்த ஞாயிறுதான் வந்தான்.
கூலி ஒரு ரூபிள் நாற்பது கோபெக்.
ரசீதில் தவணை என்ற இடத்தில்
முதலில் எழுதியதை அடித்துவிட்டு
'ஏழு நாள்' என்று எண்ணாலும் எழுத்தாலும் போட்டிருந்தாள்.
பழுப்பு பூட்ஸுக்குச் சாம்பல் நிற ஒட்டு.
இடதுகால் கொஞ்சம் உயரம்.
போகப் போகச் சரியாகும் என்றாள்;
எத்தனை நாளில் என்று
அவன் கேட்கவில்லை.